மெட்டு ஏறும்போது மைனஸ் நாற்பது

"வண்டி நல்லாத்தான்க்கா இருக்கு" என்று அன்றைக்கும் சொன்னாள் ஜெனிபர்.

"நல்லா இருந்தா எதுக்குத் தாயி மெட்டுல மட்டும் மூச்சு முட்டுது?" என்றாள் வேல்விழி.

"அதான் பிடிபடல. இங்கன நிக்கும்போது ஒரு கொறையும் காட்ட மாட்டேங்குது."

"எங்க தெருவுல ஒரு பிள்ள இருந்துச்சு. புருசன் வீட்டுக்குப் போனா வயித்துவலி, ஆத்தா வீட்டுக்கு வந்தா சொகம். அது கதையால்ல இருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு என்னதான் வியாதியாம்?"

"மாமியா."

ஜெனிபர் சிரித்துக்கொண்டே ஜீப்பின் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகியிருந்த கறுப்பு டப்பாவைப் பிடுங்கினாள். அந்த டப்பா வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரோடு பேசி, அது சொல்லுவதை அவள் கையிலிருக்கிற பலகைபோன்ற செல்லில் எழுத்தாகக் காட்டும். கம்பத்தில், மலையேறிக் கேரளாவுக்குப் போகிற மெட்டு ரோட்டுப் பக்கம் அவள் அண்ணன் பொன்னுராஜுக்கு ஒர்க்‌ஷாப். என்ஜின், கிளட்ச் என்றால் அண்ணன். வயர், சென்சார் என்றால் ஜெனிபர். ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்துபோவாள். முப்பது வயதிருக்கும். எந்த வண்டியிடமும் கோபப்படாதவள் என்று பேர்.

இந்த வண்டி அவளுக்கே கோபம் வரவைத்திருந்தது.

"ஒருக்கா முழுசாச் சொல்லுங்கண்ணே" என்றாள் மாரிசெல்வத்திடம்.

மாரிசெல்வம் வேல்விழியின் புருசன். வண்டிக்குச் சொந்தக்காரனும் அவன்தான், டிரைவரும் அவன்தான். எத்தனையோ தடவை சொன்னதை மறுபடி சொன்னான். "கம்பம் தாண்டி ஏத்தம் பிடிக்கிறவரைக்கும் குதிர மாதிரி வரும். நாலாவது வளைவு, அஞ்சாவது வளைவுல திடீர்னு என்ஜின் லைட்டு எரியும். எரிஞ்ச ஒடனே இழுவ போயிரும். எம்புட்டு மிதிச்சாலும் கெழவி நடக்கிற மாதிரிதான் நடக்கும். நிப்பாட்டி, சாவிய ஆப் பண்ணிப் போட்டா சில நா சரியாயிரும். சில நா ஆகாது."

"எறங்கும்போது?"

"எறங்கும்போது வந்ததே இல்ல."

"ஆள் இல்லாம ஏறும்போது?"

"நீதான பாத்த. மணல் மூட்ட பத்து ஏத்திக்கிட்டு நீயும் உங்கண்ணனும் உச்சிவரைக்கும் போயிட்டு வந்தீகள்ல. ஒண்ணும் ஆகலையே."

"அதான்ணே, தல வெடிக்குது" என்றாள் ஜெனிபர். "புகைக்குழாய்ல சூடு பாக்குறதுக்கு ஒரு சென்சார் இருக்கு. அது தப்பாச் சொல்லுதுன்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்கு. சென்சாரப் புதுசா மாத்தியாச்சு. ரெண்டு நாள் ஓடுச்சு, திரும்ப வந்துருச்சு. வண்டி நிக்கும்போது வயர் பூராம் மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப யாரு பொய் சொல்றது?"

"யாரோ சொல்றாக. நாளைக்கு நானும் மேல வாரேன். நோயாளியப் படுக்கவெச்சுப் பாத்தாச்சு, நடக்கவிட்டுத்தான் பாக்கணும்."

"வா தாயி. உமாதேவி அவ தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போறா, எடம் காலியாத்தான் இருக்கு" என்றாள் வேல்விழி. பிறகு குரலை இறக்கி, "நாளைக்கு விட்டா வேற நாளும் கெடையாது" என்றாள்.

அதுதான் விசயம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து பன்னிரண்டு பெண்கள், வேல்விழியோடு பதின்மூன்று பேர், இந்த ஜீப்பில் ஏறி வண்டன்மேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். ஏழரைக்குப் பேர் எழுதுவார்கள். ஏழரை தாண்டினால் சூப்பர்வைசர் நோட்டை மூடிவிடுவார். போன வாரமும் இந்த வாரமும் ஆக மூன்று தரம் வண்டி நின்று, இரண்டு நாள் கேட்டுவரைக்கும் போய்த் திரும்பியிருந்தார்கள். இன்றைக்குச் சாயங்காலம் இறங்கி வரும்போது கோஷ்டியில் மூத்தவளான பஞ்சம்மாள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"மாரி, உம்மேல ஒரு வருத்தமும் இல்லப்பா. நாளைக்கு ஒருநா பாப்போம். நாளைக்கும் நின்னுச்சுன்னா திங்கக்கெழமையிலருந்து நாங்க ஈஸ்வரபாண்டி வண்டியில ஏறிக்கிறோம்."

ஆள் இல்லாத ஜீப்புக்கு அந்த ஊரில் என்ன வேலை? மெட்டில் காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் ஒரு கோஷ்டி ஒரு வண்டியை விட்டுப் போய்விட்டால் அந்தச் சீசனுக்கு வேறு கோஷ்டி சிக்காது. எல்லாரும் ஏற்கெனவே ஏதோ ஒரு வண்டியில் இருப்பார்கள். ஈஸ்வரபாண்டி மூன்று மாதமாகவே ரெண்டாவது வண்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் திராட்சைப் பந்தல்களுக்கு மருந்தடித்த வாடை காற்றில் வந்தது. ஆவணிக் காற்று. வண்டிப் படுதாவைப் படபடவென்று அடித்தது. வேல்விழி முன்சீட்டில் உட்கார்ந்து புருசனின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னத்தப் பாக்குற?"

"சும்மா."

"கிளட்ச்சத் தப்பா மிதிக்கிறேனான்னு பாக்குற. போன வாரம் ஒறங்கிட்டேன்ன. அதுக்கு முன்னாடி சரக்குன்ன."

"சரக்குன்னு நான் சொல்லல. உங்க தங்கச்சி சொன்னா."

"நீ தலையாட்டுனேல்ல."

அவள் தலையாட்டியது உண்மைதான். கோளாறு யார் கண்ணுக்கும் சிக்காமல் வண்டி மெட்டில் மட்டும் நின்றால், ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாரைச் சந்தேகப்படுவது? தெருவே அப்படித்தான் பேசியது. பஞ்சம்மாள் ஒருத்திதான் திருஷ்டி என்று சொல்லி, முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டினாள். பழம் காய்ந்து கறுத்துப் போனதே தவிர வண்டி கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை மூன்றரைக்கே வேல்விழி உலை வைத்தாள். காய் எடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் அந்த நேரத்துக்கு அடுப்பு எரியும். நாலரைக்குச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, நெத்திலிக் கருவாட்டை வறுத்து மேலே வைத்து, தூக்குவாளியை மூடினால்தான் ஐந்தேகாலுக்கு வண்டி ஏறலாம். அந்தச் சோற்றைத் தின்பது மதியம் பன்னிரண்டரைக்கு. மேலே மூடுபனியும் சாரலும். ஏலச்செடித் தூரில் குனிந்து குனிந்து காய் பறித்து, பூட்ஸுக்குள் ஏறின அட்டையைப் பிடுங்கிப்போட்டு, கை விரைத்துப்போய் வந்து உட்கார்ந்தால் சோறு பனிக்கட்டியாக இருக்கும். முன்பெல்லாம் அப்படித்தான் தின்றார்கள்.

இந்த வருசம் ஆனி மாதம் சீசன் தொடங்கும்போது வேல்விழி ஒரு யோசனை செய்தாள். ஜீப்பின் பின்பக்கம் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் தரை எப்போதும் கதகதவென்று இருக்கும். அடியில் புகைக்குழாய் போகிறது. அங்கே தரையைச் சதுரமாக வெட்டி, அடியில் தகரப்பெட்டி ஒன்றை இறக்கி, மேலே மூடி போட்டால்? உத்தமபாளையத்தில் ஒரு வெல்டிங்காரர் அரைநாளில் செய்து கொடுத்தார். பதின்மூன்று தூக்கும் நெருக்கியடித்து உட்காரும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது தூக்கைத் தொட்டால் கை சுடும். பெட்டியை அப்படியே மூடிவைத்து, மேலே இரண்டு சாக்கையும் போட்டுவிட்டால் மதியம் திறக்கும்போது ஆவி பறக்காது, ஆனாலும் வாய்க்கு இதமாக இருக்கும்.

"எந்த வண்டிக்காரன் இப்பிடிச் செஞ்சிருக்கான்?" என்று பஞ்சம்மாள் மற்ற கோஷ்டிக்காரிகளிடம் பெருமை பேசுவாள். "எங்களுக்கு வண்டியே அடுப்பு."

ஐந்தேகாலுக்கு எல்லாரும் வந்தார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் ரப்பர் பூட்ஸ். ஒவ்வொருத்தியாகத் தூக்கை இறக்கிவைத்துவிட்டு ஏறினார்கள். கம்பத்தில் ஜெனிபர் ஏறிக்கொண்டாள். உமாதேவியின் இடத்தில் பஞ்சம்மாளுக்கும் முத்துப்பேச்சிக்கும் நடுவில் அவளை உட்காரவைத்தார்கள். செல்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன படமா ஓடுது?" என்று எட்டிப் பார்த்தாள் முத்துப்பேச்சி.

"நம்பர்தான்க்கா ஓடும். இந்தா, இதான் புகைக்குழாய்ச் சூடு. இப்ப நூத்தி எழுபது."

"நூத்தி எழுபதா? எனக்கு நூத்தி ரெண்டு வந்ததுக்கே ஆசுபத்திரியில ஊசி போட்டாக."

"ஒன் ஒடம்பும் வண்டியும் ஒண்ணாடி?" என்றாள் பஞ்சம்மாள்.

"ஏத்தம் பிடிச்சா எம்புட்டுக்குப் போகும்?" என்று கேட்டாள் எதிர்பெஞ்சு அனுசுயா.

"முந்நூறு, முந்நூத்தம்பது போகும்."

"எங்க, திருப்பிப் பிடி. எங்களுக்கும் தெரியட்டும்."

ஜெனிபர் திருப்பிப் பிடித்தாள். அதற்குப் பிறகு யாரும் ஊர்க்கதை பேசவில்லை. வழக்கமாக மெட்டு ஏறும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அன்றைக்குப் பதினோரு பேரும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வேல்விழி முன்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எரநூத்தி நாப்பது."

"எரநூத்தி எம்பது. ஏறுது ஏறுது."

"அவரு கியர மாத்துனாருல்ல, அதான் கொறையுது. பாத்தியா?"

"முந்நூத்திப் பத்து."

"இந்த வளைவுக்கு முந்நூத்தி நாப்பது வரும் பாரு."

கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தென்னைகளும் வயலும் பந்தல்களும் கலங்கலாகத் தெரிந்தன. நாலாவது வளைவில் ரோடு ஓரம் அரித்துக் குழியாகக் கிடந்தது. ஜீப்பு அதில் இறங்கி ஏறியது.

"அய்ய, என்னமோ கோடு போட்டு நாப்பதுன்னு வருது" என்றாள் அனுசுயா.

ஜெனிபர் பலகையைத் தன் பக்கம் திருப்பினாள். "மைனஸ் நாப்பது."

"அப்பிடின்னா?"

"ஐஸ்பெட்டியவிடக் குளிர்."

"புகைக்குழாய்க்குள்ளயா?"

முன்னால் மாரிசெல்வத்தின் குரல் வந்தது. "லைட்டு வந்துருச்சு. இழுவ போயிருச்சு."

"அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க. சாவிய ஆப் பண்ணாதீக. என்ஜின் ஓடட்டும்."

வண்டி நின்றது. ஜெனிபர் பின்பக்கம் குதித்துப் படுத்துக்கொண்டு, ஒரு நீளக் குச்சியால் அடியில் எட்டுகிற வயரையெல்லாம் தட்டினாள், ஆட்டினாள். "நம்பர் மாறுதான்னு பாருங்கக்கா."

"மாறல தாயி. அதே மைனஸ்தான்."

"இப்ப?"

"மாறல."

"சரி, எல்லாரும் எறங்குங்க. ஆள் பாரத்துல எங்கிட்டாச்சும் அழுத்துதான்னு பாப்போம்."

பதினோரு பேரும் இறங்கினார்கள். வேல்விழியும் இறங்கினாள். வண்டி நன்றாக மேலே எழும்பியது. நம்பர் மாறவில்லை.

"ஆள் பாரமும் இல்ல" என்றாள் ஜெனிபர். எழுந்து, சுடிதாரில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றாள். "மணல் மூட்டையிலயே தெரிஞ்சிருக்கணும்."

அந்த நேரம் கீழ் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. ஈஸ்வரபாண்டியின் ரெண்டாவது வண்டி. முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். பின்னால் காலி. பக்கத்தில் வந்து நிறுத்திக் கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"என்ன மாப்ள, இன்னைக்கும் படுத்துக்கிச்சா?"

மாரிசெல்வம் ஆமாம் என்று தலையசைத்தான்.

"மணி ஆறு அம்பது. இப்பக் கெளம்புனாத்தான் ஏழரைக்குப் போகலாம். அத்தை, ஏறுங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரும் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் வேல்விழியைப் பார்க்காமல், "என்னத்தா செய்யச் சொல்ற? இன்னொரு நா திரும்பிப் போக முடியாது" என்றாள்.

"ஏறுங்க அத்தை" என்றாள் வேல்விழி. "நான் தடுக்கல."

"நீயும் வா."

"நான் வரல. அவரு தனியா நிப்பாரு."

பஞ்சம்மாள் பின்பக்கம் ஏறிப் பெட்டி மூடியைத் திறந்தாள். "சோத்த எடுத்துக்கிருங்கடி" என்று ஒவ்வொரு தூக்காக எடுத்து வெளியே நீட்டினாள். "இது யாரோடது, அனுசுயாவா? பிடி. பச்ச மூடி யாரு? சூடா இருக்கு, துணியால பிடி. இது முத்துப்பேச்சி. என்னத்தடி வெச்சிருக்க, இந்தக் கனம் கனக்குது?"

"களி."

"களிய எவளாச்சும் மெட்டுக்குக் கொண்டாருவாளா?"

"எனக்குப் பசி தாங்கும்ல."

ஜெனிபர் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஏழாவது தூக்கை வெளியே நீட்டும்போது அவள் முகம் மாறியது. "இருங்க" என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை.

"பஞ்சம்மாத்தை, இருங்க. இப்ப என்ன செஞ்சீக?"

"என்ன செஞ்சேன்? சோத்த எடுத்தேன்."

"மைனஸ் போயிருச்சு. எரநூத்திப் பத்து காட்டுது." ஜெனிபர் பின்பக்கம் வந்தாள். "அதத் திரும்ப உள்ள வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன்."

பஞ்சம்மாள் முத்துப்பேச்சியின் களித் தூக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். நம்பர் அப்படியே இருந்தது. இன்னொன்றை வைத்தாள். அனுசுயா பலகைக்குக் குனிந்து, "வந்துருச்சு, மைனஸ் வந்துருச்சு" என்றாள்.

"எடுங்க."

"போயிருச்சு."

"வைங்க."

"வந்துருச்சு அத்தை."

"என்னடி இது, பேயா பிசாசா?" என்று பஞ்சம்மாள் மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். நாலைந்து தரம் அவளே சும்மா செய்து பார்த்தாள். ஒவ்வொரு தரமும் பதினோரு பேரும் நம்பரைச் சொன்னார்கள்.

ஈஸ்வரபாண்டி ஹாரன் அடித்தான். "வாரீகளா இல்லையா? மணி ஆகுதுல்ல."

"இருப்பா, பாத்துக்கிட்டிருக்கோம்ல" என்று அதட்டினாள் பஞ்சம்மாள்.

வேல்விழி கையை இடுப்பில் வைத்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓணத்துக்கு முந்துன நாளு" என்றாள் திடீரென்று.

"என்ன அன்னைக்கு?"

"தோட்டத்துல சாப்பாடு போட்டாக. இலைபோட்டு, பாயசத்தோட. ஒருத்தியும் சோறு கொண்டாரல. அன்னைக்கு வண்டி பறந்துச்சுல்ல, உச்சிவரைக்கும் ஒரு மூச்சுல."

"ஆமா" என்றாள் முத்துப்பேச்சி. "அன்னைக்குத்தான் நான் வாந்தியெடுத்தேன், வேகம் தாங்காம."

"எறங்கும்போது வராது, தூக்கு காலியா இருக்கும். ஞாயித்துக்கெழம வராது, சோறே இருக்காது. மணல் மூட்டைய பெஞ்சுமேல அடுக்குனீக. பெட்டிக்குள்ள யாரும் வைக்கல" என்று விரலை மடக்கினாள் வேல்விழி.

ஜெனிபர் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் போயிருந்தாள். அங்கிருந்து அவள் சத்தம் மட்டும் வந்தது. "அக்கா, சோத்த எடுங்க. ம். வைங்க. ஆங், பாத்துட்டேன். பெட்டி ஒரு வெரக்கடை கீழ எறங்குது. பெட்டியோட இரும்புச் சட்டம் போயி வயர நசுக்குது. வயர யாரோ கட்டுக்கம்பி போட்டுச் சட்டத்தோட கட்டியிருக்காக. தோல் தேஞ்சு செம்பு தெரியுது. செம்பு இரும்பத் தொட்டா மைனஸ் நாப்பது."

"அப்ப இம்புட்டு நாளும் எங்க சோறா வண்டிய நிப்பாட்டுச்சு?" என்றாள் அனுசுயா.

"முத்துப்பேச்சி களிதான்" என்றாள் பஞ்சம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சியும் சிரித்தாள்.

வேல்விழி சிரிக்கவில்லை. பெட்டி அவள் யோசனை. இத்தனை நாளும் புருசனின் காலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள். மாரிசெல்வம் குனிந்து அடியில் பார்த்துவிட்டு எழுந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னைய வையுங்க" என்றாள் மெதுவாக. "பொட்டி கேட்டது நான்தான."

"பொட்டி நல்ல பொட்டி."

"அப்பறம்?"

"அந்தக் கட்டுக்கம்பி." மாரிசெல்வம் கழுத்தைச் சொறிந்தான். "வெல்டிங்காரரு என்னையக் கேட்டாரு. 'குறுக்க ஒரு வயர் வருது தம்பி, எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு மாத்திக்கிறியா'ன்னு. மறுநா சீசன் மொத நாளு. சும்மா இழுத்துக் கட்டுங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன். கம்பிய எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

"அத ஜெனிபர்கிட்டச் சொல்றதுக்கு இம்புட்டு நாளா?"

"ஞாபகமே இல்ல வேலு. ஆனி மாசம் கட்டுனது, ஆடிக் கடைசியிலதான நிக்க ஆரம்பிச்சுச்சு. இப்பக் கம்பியப் பாத்த பொறவுதான் கைக்கு ஞாபகம் வருது."

அவள் அவனையே பார்த்தாள். "நானும் வேற எங்கயோதான பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

ஈஸ்வரபாண்டி வண்டியை விட்டு இறங்கி வந்தான். "முடிவா என்ன சொல்றீக அத்தை? எனக்கு நாலு பேர் இருக்காக, அவுகளாச்சும் நேரத்துக்குப் போகணும்ல."

பஞ்சம்மாள் ஜெனிபரைக் கேட்டாள். "எம்புட்டு நேரம் ஆகும் தாயி?"

"கம்பிய வெட்டி, வயர ஒதுக்கிவிட்டு, தேஞ்ச எடத்துல டேப் சுத்திட்டாப் போதும். பத்து நிமிசம். முழுசா மேல போயி, கொழாய் ஆறுன பொறவு செஞ்சுக்கிறலாம். அதுவரைக்கும் தூக்க மடியில வெச்சுக்கிட்டு வரணும்."

"பத்து நிமிசம் ஆனா ஏழரை தாண்டிரும்" என்றான் ஈஸ்வரபாண்டி.

"தாண்டும்" என்றாள் பஞ்சம்மாள். ஏலச்செடியில் எந்தக் காய் முற்றியது என்று பார்ப்பது போல ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள். "இது எதுனால நிக்குதுன்னு தெரியாமத்தான் போறேன்னு சொன்னேன். தெரிஞ்ச பொறவு போனா நல்லா இருக்காதுடி. என்ன சொல்றீக?"

"நான் இந்த நம்பரு மேல போகுதான்னு பாக்கணும்" என்றாள் அனுசுயா.

"நீ போப்பா" என்று பஞ்சம்மாள் ஈஸ்வரபாண்டியிடம் சொன்னாள். "போயி சூப்பர்வைசருகிட்ட மட்டும் சொல்லி வையி, வந்துக்கிட்டிருக்கோம்னு."

ஈஸ்வரபாண்டி போகவில்லை. தன் வண்டிப் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜெனிபரின் காலருகே குந்தி, மற்றவர்களுக்குக் கேட்காதமாதிரி, "தங்கச்சி" என்றான். "அந்த வெல்டிங்காரருகிட்டத்தான் நானும் போன வாரம் ஒரு பொட்டி வெச்சேன். இவுக வருவாகளேன்னு. அதுலயும் வயர் இருக்குமா?"

"புகைக்குச் சென்சார் வெச்ச பி.எஸ்.சிக்ஸ் வண்டியாண்ணே?"

"ஆமா."

"அப்ப இருக்கும்."

"அவரு அங்கன என்ன செஞ்சாருன்னு நான் பாக்கலையே."

"திங்கக்கெழம கடைக்குக் கொண்டாங்க. அதுவரைக்கும் அதுல சோறு ஏத்தாதீக."

பஞ்சம்மாளுக்குக் காது பாம்புக்காது. "பொட்டியுமா வெச்சிருந்த, ஆள் பிடிக்க? சூரன்தான்" என்றாள். ஈஸ்வரபாண்டி ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கையுறை மாட்டிக்கொண்டும் ஜெனிபருக்கு மணிக்கட்டில் சூடு பட்டது. வேல்விழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பன்னிரண்டு நிமிசம் ஆனது. தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். முந்நூறு, முந்நூற்றிருபது, முந்நூற்று நாற்பது என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார்கள். குழியில் இறங்கும்போதெல்லாம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உச்சி தாண்டிச் செக்போஸ்டில் நின்றபோதும் நம்பர் நம்பராகவே இருந்தது.

தோட்டத்துக் கேட்டில் ஏழு நாற்பத்தெட்டு. சூப்பர்வைசர் மூடின நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் நோட்டு மூடினால் மூடினதுதான்.

"எந்தா, வண்டிக்கு இன்னைக்கு என்ன அசுகம்?"

"வண்டிக்குச் சோறு செரிக்கல சாரே" என்றாள் பஞ்சம்மாள்.

"சோறா?"

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். பெட்டியில் தூக்கை வைத்துக் காட்டினாள் அனுசுயா. பலகையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள் முத்துப்பேச்சி. அவர் முதலில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பெட்டியைப் பார்த்தார். கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தார்.

"இது ஆரு கண்டுபிடிச்சது?"

"நாங்கதான்" என்றாள் பஞ்சம்மாள்.

அவர் ஜெனிபரைப் பார்த்தார். ஜெனிபர், "ஆமா சார், அவுகதான்" என்றாள்.

"மதியம் சாப்பாட்டுக்கு இருபது நிமிசம் தாமசிச்சு இறங்கணும்" என்று சொல்லி நோட்டைத் திறந்தார். வேல்விழி பேரை முதலில் எழுதினார்.

மூடுபனி அன்றைக்கு ஒன்பது மணிக்கும் விலகவில்லை. செடிக்குச் செடி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேல்விழி தூரில் குனிந்து சரத்தைத் தூக்கிப் பிடித்து, முற்றின காயை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். சரிவுக்குக் கீழே கேட்டுப் பக்கம் ஜீப்பு நிற்பது தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஜெனிபர் எதையோ சுத்தியலால் தட்டுவதும் மாரிசெல்வம் அவளிடம் ஏதோ கேட்பதும். புது உறை போட்டு வயரைச் சட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோகிறாள் என்று பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போன அனுசுயா வந்து சொன்னாள்.

இரண்டு வரிசை தள்ளி நின்ற பஞ்சம்மாள் கையை வாயில் குவித்துக் கூவினாள். "ஏ மாரீ."

"என்ன அத்தை?"

"சோறு வெச்சுப் பாத்தாச்சா?"

"பன்னெண்டு தூக்கையும் வெச்சாச்சு."

"நம்பரு எம்புட்டு?"

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நூத்தி முப்பது."

"காலையில முந்நூறுல்ல இருந்துச்சு. ஏன் கொறஞ்சிருச்சு?"

"வண்டி நிக்குதுல்ல அத்தை. ஆறுது."

பஞ்சம்மாள் இதை யோசித்துப் பார்த்தாள். சரிதான் என்று பட்டது. பக்கத்துச் செடிக்கு நகர்ந்தாள். நகர்ந்தவள் மறுபடி கூவினாள்.

"திங்கக்கெழம அஞ்சேகாலுக்கா, அஞ்சுக்கா?"

வேல்விழியின் கை சரத்திலேயே நின்றது.

"அஞ்சேகாலுக்கே வாரேன்" என்றது கீழேயிருந்து வந்த குரல்.